மூளைப் பவளம் கண்ணாடித் தொட்டிக்கு வந்த வரலாறு

மனித மூளையின் மடிப்புகளைப் போல வளைவு நெளிவுகள் கொண்ட பவளங்களை மூளைப் பவளம் என்கிறோம். இது ஒரே இனத்தின் பெயர் அல்ல. தோற்றத்தை வைத்துப் பல இனங்களுக்குப் பொதுவாக வழங்கப்படும் பெயர். வீட்டுக் கடல்நீர்த் தொட்டிகளில் பலரும் விரும்பி வளர்ப்பது இந்தோ-பசிபிக் கடல்களைச் சேர்ந்த டிராக்கிஃபில்லியா என்ற வகையாகும்.

இதை வளர்ப்பவர்கள் முதலில் கேட்பது மூன்று கேள்விகள். எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? எங்கே வைக்க வேண்டும்? என்ன உணவு தர வேண்டும்? இன்று மிகச் சாதாரணமாகத் தோன்றும் இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்க இரண்டரை நூற்றாண்டுகள் ஆயின. விடை தெரியாத காலத்தில் தொட்டிக்கு வந்த பவளங்கள் பெரும்பாலும் மடிந்துபோயின.

செடியா, விலங்கா?

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவளம் ஒரு கடற்செடி என்றே ஐரோப்பிய அறிஞர்கள் பலர் நம்பினர். பிரான்சின் மார்சேய் நகரைச் சேர்ந்த மருத்துவர் பெய்சொன்னெல், பவளத்தின் 'பூக்கள்' உண்மையில் சிறு விலங்குகள் என்று 1720களில் கூறினார். பாரிஸ் அறிவியல் கழகத்தின் புகழ்பெற்ற அறிஞர் ரெயோமூர் அதை ஏற்கவில்லை. 1740களில் ஹைட்ரா பற்றிய ட்ரெம்ப்ளேயின் ஆய்வுகள் வெளிவந்த பிறகுதான் அவர் மனம் மாறினார்.

1853இல் லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க் விலங்குக்காட்சிச் சாலையில் உலகின் முதல் பொது மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்குக் கடலுயிர்களைத் திரட்டித் தந்தவர்களில் ஒருவரான ஃபிலிப் ஹென்றி காஸ், இங்கிலாந்துக் கடற்கரையில் கிடைக்கும் கிண்ணப் பவளத்தையும் வளர்த்துப் பார்த்தார். குளிர்ந்த கடலில் வாழும் அந்த இனம் உணவை மட்டுமே நம்பி வாழ்வது. வெப்பக் கடலின் மூளைப் பவளமோ அப்படிப்பட்டதல்ல. அதற்கு இரையோடு வெளிச்சமும் வேண்டும்.

வெளிச்சம்

1881இல் ஜெர்மானிய விலங்கியலாளர் கார்ல் பிராண்ட், கடல் விலங்குகள் சிலவற்றின் உடலில் காணப்படும் மஞ்சள் நிற அணுக்கள் உண்மையில் தனிப் பாசிகள் என்று விளக்கினார். அவை பவளத்துக்கு உணவு தருகின்றனவா என்பதில் நெடுநாள் கருத்து வேறுபாடு நிலவியது. 1928-29இல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பகுதிக்குச் சென்ற ஆய்வுக் குழுவின் தலைவர் யங், பவளம் சிறு கடலுயிர்களைப் பிடித்துத் தின்றே வாழ்கிறது, பாசி அதற்கு உணவு அல்ல என்று முடிவு செய்தார்.

1958இல் மஸ்கட்டைன், ஹேண்ட் ஆகிய இருவரும் கதிரியக்கக் கார்பனைப் பயன்படுத்தி, பாசி தயாரிக்கும் உணவு அதைத் தாங்கும் கடல் சாமந்தியின் உடலுக்குள் செல்வதைக் காட்டினர். 1969இல் பவளத்திலும் இது உறுதியானது. ஆகவே பவளத்துக்கு விளக்கு வெறும் அலங்காரமல்ல, சாப்பாடு!

1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், உயிருள்ள பாறைகள், காற்றுக்குமிழி, சூரிய ஒளி ஆகியவற்றைக் கொண்டே கடல்நீர்த் தொட்டியை நடத்தும் தன் முறையைப் பற்றி எழுதினார். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. வெயில் குறைந்த ஐரோப்பாவில் என்ன செய்வது? 1970களின் இறுதியிலும் 80களிலும் பெர்லின் நகர ஆர்வலர்கள் வலிமையான மெட்டல் ஹேலைடு விளக்குகளால் இதற்கு விடை கண்டனர். இப்போது எல்.ஈ.டி. விளக்குகள் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன.

ஆனால் அதிக வெளிச்சமும் ஆபத்தே. டிராக்கிஃபில்லியாவுக்கு மிதமான ஒளி போதும். பிரகாசமான விளக்கின் கீழ் திடீரென வைத்தால் பாசியை இழந்து வெளிறிவிடும்.

இடம்

பவளம் என்றால் பாறை மேல்தான் இருக்க வேண்டும் என்று எண்ணுவது இயல்பு. டிராக்கிஃபில்லியா இதற்கு விதிவிலக்கு. கடலில் அது பெரும்பாலும் மணற்பரப்பில் எதனோடும் ஒட்டாமல் கிடக்கிறது. அதன் எலும்புக்கூட்டின் அடிப்பகுதி கூம்பு போல் குறுகி மணலில் பதிய ஏற்றதாக உள்ளது. தண்ணீரை உள்ளிழுத்து உப்பும் அதன் மென்மையான சதை, கரடுமுரடான பாறையில் உரசினால் கிழிந்து நோய் பற்றும். எனவே தொட்டியின் அடிமணலும் மென்மையான நீரோட்டமுமே அதற்கு ஏற்றவை. பிளாட்டிகைரா போன்ற மூளைப் பவளங்களைப் பாறையிலேயே வைக்கலாம். அவை இரவில் நீண்ட உணர்கொம்புகளை நீட்டி அருகிலுள்ள பவளங்களைக் கொட்டும் என்பதால் நடுவே இடைவெளி விடுவது அவசியம்.

உணவு

யங் சொன்னதில் பாதி சரியானது. பாசி மாவுச்சத்தைத் தந்தாலும், தழைச்சத்துக்கும் மணிச்சத்துக்கும் பவளம் இரை பிடிக்கத்தான் வேண்டும். இருட்டிய பின் உணர்கொம்புகள் வெளிவரும் நேரமே உணவு தரச் சரியான நேரம். நீரோட்டத்தைச் சற்று நிறுத்திவிட்டு, பொடியாக நறுக்கிய இறாலை வாரம் ஓரிரு முறை தந்தால் போதும். மிகுந்தால் அழுகித் தண்ணீரைக் கெடுத்துவிடும்.

இன்றைய நிலை

தேவை பெருகியதால் கடலிலிருந்து பவளம் எடுப்பதும் பெருகியது. கடினப் பவளங்களின் பன்னாட்டு வணிகம் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. இந்தியாவில் 2001இல் பாறை அமைக்கும் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டு பவளத்தைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுவருவதும் குற்றமாகும்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2014இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா கடலில் பவளத் திசுக்களை அழிக்கும் நோய் ஒன்று கண்டறியப்பட்டது. அதற்கு எளிதில் இரையானவற்றில் அங்குள்ள மூளைப் பவளங்களும் அடங்கும். நோய் எட்டாத பவளங்களை முன்கூட்டியே எடுத்துவந்து காட்சியகத் தொட்டிகளில் காப்பாற்றி வருகின்றனர். எவ்வளவு வெளிச்சம், எந்த இடம், என்ன உணவு என்று எண்ணற்ற பவளங்களைப் பலிகொடுத்துக் கற்ற பாடங்களே இப்போது எஞ்சியவற்றை உயிரோடு வைத்திருக்கின்றன.