பவியா முதல் திருப்பதி வரை: கருப்பை நீக்கத்தின் வரலாறு

1876 மே 21 அன்று இத்தாலியின் பவியா நகரில், இடுப்பெலும்பு குறுகியிருந்த 25 வயதுப் பெண்ணின் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்த எதுவார்தோ போர்ரோ, அவளது கருப்பையையும் சினைப்பைகளையும் உடனே அறுத்து நீக்கினார். தாயும் சேயும் பிழைத்தனர். கருப்பையைத் தைப்பது அன்று பெருவழக்கன்று. ஆகவே குருதிப்பெருக்கும் சீழும் தாய்மாரைக் கொன்றுவந்தன. 1882இல் மாக்ஸ் சேங்கர் தையல் முறையை நிலைநாட்டியபின் போர்ரோவின் வழி மெல்லப் பின்வாங்கியது.

அதை மீண்டும் வேண்டுவதாக்கியதில் அத்தையலுக்கும் பங்குண்டு என்பதே விந்தை. அறுவைப் பிரசவத் தழும்பில் அடுத்த கருவின் நஞ்சுக்கொடி வேரூன்றினால் எளிதில் பிரியாது. பிரித்தால் குருதி கொட்டும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி ஆந்திரப் பிரசவங்களில் 42.4 விழுக்காடு அறுவை வழியானவை. நாட்டின் அளவு 21.5 மட்டுமே. நாளைய தழும்புகளின் கணக்கும் இதுவே.

1911இல் உருவான சித்தூர் மாவட்டத்துக்குள்ளேயே, திருப்பதியில், 1960இல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரி அமைந்தது. எனினும் உட்கிராமத்திலிருந்து அங்கு விரையும் பெண்ணுக்குத் தூரம் என்பது வழியில் இழக்கும் குருதி. அறுவை அரங்கிலும் இடர் தீர்வதில்லை: தழும்போடு ஒட்டிய சிறுநீர்ப்பை கிழியலாம், சிறுநீர்நாளம் அறுபடலாம், உறைதிறன் குன்றிய குருதி தைத்த இடமெல்லாம் கசியலாம். தயங்கினால் உயிர் போகும். முந்தினால் இனியொரு கருவுக்கு வழியில்லை. அம்முடிவுக்கான ஒப்புதல் தாளில் பெரும்பாலும் கையொப்பமிடுவது, மயங்கிக் கிடக்கும் அவளல்லள். வாயிலில் நிற்கும் உறவினர்.