சாமுவேல்: பெயரும் காரணமும்

சீலோ ஆலயத்தில் அழுது வேண்டிப் பெற்ற பிள்ளைக்கு அன்னாள் சாமுவேல் என்று பெயரிட்டாள். கர்த்தரிடம் கேட்டுப் பெற்றவன் என்று அதற்குக் காரணமும் சொன்னாள் (1 சாமுவேல் 1:20). ஆனால் எபிரெயத்தில் 'கேட்டுப் பெறுதல்' என்பதற்கான வேர் 'ஷாஅல்'. 'ஷெமுஏல்' என்ற பெயர் அதிலிருந்து பிறக்கவில்லை. 'ஷேம்' என்றால் பெயர், 'ஏல்' என்றால் கடவுள். 'கடவுளின் பெயர்', 'அவர் பெயர் ஏல்' என்றெல்லாம் இதற்குப் பொருள் சொல்கிறார்கள். 'கடவுள் செவிகொடுத்தார்' என்ற விளக்கமும் வழக்கில் உண்டு. ஆனால் செவிகொடுத்தலைக் குறிக்கும் 'ஷாமஅ' என்ற வேரில் 'அயின்' என்ற எழுத்து இருக்கிறது. இஸ்மவேல் என்ற பெயரில் அது அப்படியே நிற்கிறது, சாமுவேலில் இல்லை.

'ஷாஅல்' வேரில் நேராகப் பிறந்த பெயர் 'ஷாவூல்', அதாவது சவுல். 28ஆம் வசனத்தில் குழந்தையை ஆலயத்தில் ஒப்படைக்கும் அன்னாள், அவன் கர்த்தருக்கென்று விடப்பட்டவன் என்கிறாள். மூலத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல் 'ஷாவூல்', இஸ்ரவேலின் முதல் அரசனுடைய பெயர், எழுத்துப் பிசகாமல். இதனால் இந்தக் கதை முதலில் சவுலின் பிறப்புக் கதையாக இருந்திருக்கலாம் என்று சில அறிஞர்கள் கருதினார்கள். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. ஆசாரியன் ஏலியின் வாழ்த்திலும் அன்னாளின் பதிலிலும் அதே வேர் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. மக்கள் பின்னாளில் கேட்டுப் பெறப்போகும் அரசனை, ஒரு தாய் கேட்டுப் பெற்ற தீர்க்கதரிசியின் பக்கத்தில் முன்கூட்டியே நிறுத்துகிறார் கதையாசிரியர். விவிலியத்தில் பெயர்க்காரணங்கள் பலவும் இப்படி ஓசையை வைத்தே சொல்லப்படுகின்றன.