ஆளரவமற்ற கரையா?

குறிகட்டுவான் துறையிலே படகேறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் நெடுந்தீவு. ஒரு சித்திரை விடுமுறையிலே அங்கு சென்று கடற்கரையோரமாக நெடுந்தூரம் நடந்தேன். முருகைக் கற்கள் வெள்ளை வெளேரென்று சிதறிக் கிடந்தன. அலையோசையன்றி வேறு ஓசையில்லை. இத்தகைய கரைகளை 'ஆளரவமற்றவை' என்று உல்லாசப் பயண ஏடுகள் புகழ்கின்றன. நேயர்களே, நெடுந்தீவைப் பொறுத்தவரை அந்தப் புகழ்ச்சி எனக்கு உவப்பானதன்று.

இந்தக் கடல் ஒருகாலத்திலே மிகுந்த சந்தடியுள்ள வழி. அயலிலுள்ள நயினாதீவிலே 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று இருக்கிறது. முதலாம் பராக்கிரமபாகுவின் கட்டளை அது. ஊராத்துறைக்கு வரும் பரதேசிகளைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. யானை, குதிரை ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மிகுதி உடையவனுக்கு. வாணிகச் சரக்கு ஏற்றிய மரக்கலமாயின் சரிபாதி. குதிரை வணிகனுக்கு ஏன் இந்தச் சலுகை? மன்னனுக்குக் குதிரையும் யானையும் வேண்டியிருந்தன. அதையும் அவன் மறைக்கவில்லை. அவன் பொலனறுவையிலிருந்து ஆண்டவன், கட்டளையோ தமிழிலே. துறையிலே அதைப் படித்தவர்கள் யாரென்பதை மொழியே சொல்லிவிடுகிறது.

பின்னர் வந்த ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தம் நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு ஆம்ஸ்ரடாம் ஆனது. நயினாதீவு ஹார்லெம் ஆனது. அவையெல்லாம் மறைந்துபோக, நெடுந்தீவுக்கு இட்ட 'டெல்ப்ற்' மாத்திரம் நிலைத்துவிட்டது. அவர்கள் இங்கே குதிரையும் வளர்த்தார்கள். கட்டாக்காலியாய் மேயும் இன்றைய குதிரைகள் அக்காலத்தின் வழிவந்தவை என்பர்.

என்னை நிறுத்தியவை குதிரைகளல்ல, வேலிகள். சாந்து இல்லாமல் முருகைக் கல்லை அடுக்கிக் கட்டிய மதில்கள் காணிக்குக் காணி ஓடுகின்றன. சிலவற்றின் உள்ளே வீடில்லை. கிணறு மட்டும் தூர்ந்து கிடக்கிறது. போர்க்காலத்திலே எத்தனையோ குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. 1985 மே 15ஆம் திகதி இங்கிருந்து புறப்பட்ட 'குமுதினி' படகிலே, பெண்களும் பிள்ளைகளும் உட்படப் பலர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். இக்கரையின் மௌனத்திலே ஒரு பகுதி இயற்கை தந்ததன்று.

குமுதினி பழுதுபார்க்கப்பட்டது. அதன்பின்னும் பல ஆண்டுகள் அதே வழியிலே தீவு மக்களை ஏற்றி இறக்கியது.