பல்லைப் பற்றிக்கொண்ட பசை

சூத்தைப் பல்லை அடைக்கும்போது வைத்தியர் முதலில் நிறக்களிம்பு ஒன்றைப் பூசுகின்றார். சில வினாடிகளில் அதனைக் கழுவி, காற்றால் உலர்த்தி, மெல்லிய திரவமொன்றைத் தடவி, நீல ஒளியைக் காட்டுகின்றார். அருகில் அமர்ந்திருக்கும் பெற்றோருக்கு இது சில்லறை வேலையாகவே தோன்றும். ஆயினும் இச்சில வினாடிகள் கைகூட நெடுங்காலம் சென்றது.

முன்னர் பல்லில் எதுவும் ஒட்டாது என்பதே நிலை. வெள்ளியையும் தகரத்தையும் பாதரசத்துடன் குழைத்த இரசக்கலவை பல்லோடு பிணைவதில்லை. குழியினுள் இறுகி நிற்கும், அவ்வளவே. அது கழன்று விழாதிருக்க, வாய் குறுகி அடி அகன்றதாகக் குழியைக் குடைய வேண்டியிருந்தது. அமெரிக்க வைத்தியர் ஜி. வி. பிளாக் 1908இல் வெளியிட்ட நூலின் விதிகளோ, இனிச் சூத்தை பிடிக்கக்கூடிய அயற்பள்ளங்களையும் சேர்த்து வெட்டுமாறு கூறின. அக்காலத்திற்கு அவை பொருத்தமான விதிகளே. ஆனால் நோயுற்ற பகுதியுடன் நல்ல பல்லும் போயிற்று. வெட்டிய பல் மீண்டும் வளர்வதில்லை.

1940களில் பல்லின் நிறத்தை ஒத்த அக்றிலிக் பிசின் வந்தது. அதுவும் இறுகும்போது சுருங்கிப் பல்லை விட்டு விலகியது. அவ்விடைவெளியிற் கிருமிகள் குடியேறின.

இதற்கான வழி வர்ணப்பூச்சுத் தொழிலிலிருந்து கிடைத்தது. உலோகத்தில் வர்ணம் நன்கு பற்றுவதற்காக அதனைப் பொஸ்போரிக் அமிலத்தாற் பதப்படுத்துவது வழக்கம். நியூயோர்க் மாநிலத்தின் றொச்செஸ்ரர் நகரில் ஆய்வு செய்த மைக்கேல் புவனகோர் அதனையே பல்லில் முயன்றார். 85 சதவீத அமிலத்தை 30 வினாடிகள் பூசிக் கழுவியபின் வைத்த பிசின், முன்னரைவிடப் பன்மடங்கு உறுதியாகப் பற்றியது. இதனை அவர் 1955இல் வெளியிட்டார். அமிலம் பல்லை அரிப்பது என்று கற்றிருந்தோர் இதனை எளிதில் ஏற்காததில் வியப்பில்லை.

பல்லின் மேலோடாகிய மிளிரி, எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் கனிப்பொருள். கல்சியமும் பொஸ்பேற்றும் சேர்ந்த நுண்பளிங்குகள். அமிலம் அவற்றைச் சீராக அல்லாமல் மேடுபள்ளமாகக் கரைக்கின்றது. அந்நுண்துளைகளுட் பிசின் இறங்கி, வேர்விட்டாற்போல் இறுகுகின்றது. 1967இல் குவின்னெற், மற்சுயி ஆகியோர் இந்த வேர்களை நுணுக்குக்காட்டியின் துணையுடன் விளக்கினர். அதே ஆண்டில் புவனகோரும் குவெற்றோவும், கடைவாய்ப் பல்லின் பள்ளங்களைச் சூத்தை வருமுன்னரே பிசினால் மூடும் முறையை அறிவித்தனர். அதற்குப் பல்லை வெட்டவே தேவையில்லை.

1962இல் ரஃபேல் போவன் உரிமம் பெற்ற புதிய பிசின், அக்றிலிக்கைவிடக் குறைவாகச் சுருங்கியது. பின்னர் வந்த பசைகளில் நீல ஒளியை உறிஞ்சும் பொருளொன்று சேர்க்கப்பட்டது. ஒளி பட்டதும் அது வினையைத் தூண்ட, சிறு மூலக்கூறுகள் ஒன்றையொன்று கைகோத்துச் சங்கிலியாகிக் கெட்டியாகின்றன. பசை உலர்வதால் இறுகுகின்றது என்று பலர் எண்ணுவது தவறு.

மிளிரிக்குக் கீழுள்ள பன்முதலே இடர் தந்தது. அதில் ஏறத்தாழ 70 சதவீதமே கனிப்பொருள். எஞ்சியது கொலாஜன் நாரும் நீரும். யப்பானிய ஆய்வாளர் நகபயாஷி 1982இல் விடையொன்று கண்டார்: அமிலத்தால் வெளிப்பட்ட நார்களிடையே பிசின் ஊறி, பல்லும் பிசினும் கலந்த படையொன்று உருவாகின்றது. யப்பானிலேயே உருவான வேறு சில பசைகள், தம் பொஸ்பேற்றுத் தொகுதியாற் பல்லின் கல்சியத்துடன் இரசாயனப் பிணைப்பையும் ஏற்படுத்துகின்றன. எனினும் பன்முதலிற் பிணைப்பு முற்றாக நிலைத்ததன்று. நீரும் பல்லிலேயே உள்ள நொதியங்களும் அதனைக் காலப்போக்கில் நலிவிக்கின்றன.

அமிலம் பூசிய பல்லில் ஒரு துளி உமிழ்நீர் பட்டாலும் நுண்துளைகள் மூடிக்கொள்ளும். களிம்பை மீண்டும் பூசவேண்டிவரும். வைத்தியர் கன்னத்தினுள் பஞ்சுருளைகளை வைத்து, வாயை மூடவேண்டாம் என்று பிள்ளையிடம் திரும்பத் திரும்பக் கூறுவது இதனாலேயாம்.