இடப்பக்கம் என்ன? வலப்பக்கம் என்ன?

போன்ல இருக்கிற # குறி மாதிரி கம்ப்யூட்டர்ல நாலு கோடு போட்டுப் பாருங்க. நடுவுல ஒரு கட்டம் தெரியுது இல்லையா? கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது நாலு கோடு, எட்டு முனை, அவ்வளவுதான். கோடுகள் வெட்டிக்கிற இடத்துல புள்ளின்னு எதுவும் பதிவாகலை. அதனால கட்டமும் இல்லை.

வரைபட நிரல் எழுதிப் பிழைக்கிற என்னை மாதிரி ஆளுங்களுக்கு இந்தக் கட்டத்தைக் கண்டுபிடிக்கிறதுதான் பாதிப் பொழைப்பு. கோடுகளிலிருந்து பாலிகன், அதாவது பலகோணம். இன்னைக்கு ஒரே வரி கட்டளையில முடியுற இந்த வேலைக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு.

1967, அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரம். 1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பெரிய நகரங்கள்ல படிவங்களைத் தபால்ல அனுப்பத் திட்டம். அப்படின்னா எந்த முகவரி எந்த பிளாக்குல வருதுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியணும். (தெருக்களுக்கு நடுவுல அடங்கின பகுதிதான் பிளாக்.) இதுக்காக சென்சஸ்காரங்க அங்கே உருவாக்கின முறைக்கு 'டைம்' என்று பெயர். அதற்குக் கணித அடிப்படை போட்டவர் ஜேம்ஸ் கார்பெட்.

யோசனை ரொம்ப எளிமை. ஒவ்வொரு தெருத்துண்டுகிட்டயும் நாலு கேள்வி: எங்கே ஆரம்பிக்கிறே, எங்கே முடியுறே, இடப்பக்கம் எந்த பிளாக், வலப்பக்கம் எந்த பிளாக்? ஒரு பிளாக்கோட எண் இருக்கிற துண்டுகளைப் பொறுக்கி, முனையோடு முனை கோத்துக்கிட்டே போனா கிளம்பின இடத்துக்கே வந்து சேரணும். சேரலைன்னா ஏதோ ஒரு துண்டு விட்டுப்போச்சு, இல்லைன்னா எண் தப்பு. அதைக் கவனிக்காம விட்டா, அந்தத் தெருக்காரங்க வேற பிளாக் கணக்குல போயிடுவாங்க.

ஆனா டைம்ல சந்திப்புகளுக்கு எண் போட்டுக் கொடுத்தது மனுஷங்க. மண்வகை வரைபடத்து மேல நிலப்பயன்பாட்டு வரைபடத்தை வைக்கும்போது, வெட்டுப்புள்ளிகளைக் கம்ப்யூட்டர்தான் தேடணும். 10,000 கோடு இருந்தா ஜோடி ஜோடியா ஒப்பிட கிட்டத்தட்ட 5 கோடி ஒப்பீடு! 1979-ல் பென்ட்லியும் ஆட்மனும் வழி சொன்னாங்க. ஒரு செங்குத்துக் கோட்டை இடமிருந்து வலமா நகர்த்துங்க. அது தொடுற கோடுகள்ல பக்கத்துப் பக்கத்துல இருக்கிறதை மட்டும் ஒப்பிட்டாப் போதும்.

நம்ம # குறிக்கே வருவோம். வெட்டுப்புள்ளி 4. அங்கெல்லாம் வெட்டினா 12 துண்டு. ஒரு முனை அந்தரத்துல தொங்குற 8 துண்டை ஒதுக்கினா மிச்சம் 4. கட்டம் ரெடி :-)

நிஜ வரைபடம் இவ்வளவு சமர்த்து இல்லீங்க. ஒரே ஆற்றை ரெண்டு பேர் வரைஞ்சா ரெண்டு கோடும் பொருந்தாது. நடுவுல சிலாம்பு சிலாம்பா ஆயிரக்கணக்குல பொய்ப் பாலிகன் முளைக்கும். 1970-களின் பிற்பகுதியில ஹார்வர்டு ஆய்வகத்தோட 'ஒடிசி' மென்பொருள் இதுக்கு மருந்து வெச்சிருந்தது: குறிப்பிட்ட தூரத்துக்குள்ள இருக்கிற புள்ளிகளை ஒண்ணாச் சேர்த்துடு.

மருந்து அளவு கூடினா விஷம். அந்தத் தூரத்தைப் பெருசா வெச்சா, சிலாம்போட சேர்ந்து நிஜமான வாய்க்காலும் ஒத்தையடிப் பாதையும் காணாமப் போயிடும். வயலுக்குப் போற ஒரே வழி அதுவாக்கூட இருக்கலாம். அதை எவ்வளவு வைக்கணும்னு எந்தச் சூத்திரமும் சொல்லாது. அந்த இடம் தெரிஞ்ச மனுஷன்தான் சொல்லணும்.

இதனாலதான் 2000-களின் தொடக்கத்துல கனடாவில் மார்ட்டின் டேவிஸ் ஜாவாவில் எழுதின ஜேடிஎஸ் நிரல்தொகுப்பு எனக்குப் பிடிக்கும். போஸ்ட்ஜிஐஎஸ் நம்பியிருக்கிற ஜியோஸ், இதோட சி++ வடிவம்தான். ஜேடிஎஸ்ஸோட 'பாலிகனைசர்' பாலிகன்களை மட்டும் கொடுத்துட்டு நழுவாது. தொங்குற கோடு, ரெண்டு முனையும் இணைஞ்சிருந்தும் எந்தப் பாலிகனோட எல்லையிலும் சேராத கோடு, சரியா அமையாத வளையம்னு மிச்சத்தையும் தனித்தனியாக் கேட்டு வாங்கிக்கலாம்.

நிறைய பேர் பாலிகனை எடுத்துக்கிட்டு அந்த மிச்சத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கறதில்லை. நான் முதல்ல பார்க்கிறதே அதைத்தான். நியூ ஹேவன்ல வளையம் மூடாத பிளாக்கைத் தேடினவங்க செஞ்சதும் அதுதானே?