உருகிய அலுமினியமும் சித்தப்பாவின் துண்டும்

ஹட் பேயில் மழை பிடித்துக்கொண்டால் உப்பு ஜாடியில் தண்ணீர் கட்டும், தீப்பெட்டி நமுத்துப் போகும். போன வாரம் படகுக்காரர் ஒருவர் எஞ்சின் கவரைத் தூக்கிக்கொண்டு வந்தார். புதுசாக வார்த்தது. "வெடிப்பே இல்லை சார், எண்ணெய் கசியுது" என்றார். ஓரத்தை அரம் போட்டுப் பார்த்தேன். ஊசி முனை அளவில் பொடிப்பொடியாகத் துளைகள். கோயம்புத்தூர் பவுண்டரியில் வளர்ந்தவனுக்கு அது பழைய எதிரி :-)

உருகிய அலுமினியத்தில் குறிப்பிடும்படி கரையும் வாயு ஹைட்ரஜன் ஒன்றுதான். அது வருவது ஈரத்திலிருந்து. சூடான உலோகம் நீராவியை உடைத்து, ஆக்ஸிஜனை மேல்தோலாக்கிக்கொள்ளும், ஹைட்ரஜனை உள்ளே இழுத்துக்கொள்ளும். 660 டிகிரியில் 100 கிராம் திரவம் சுமார் 0.7 மில்லிலிட்டர் வரை வைத்திருக்கும். கெட்டியானதும் ஏறத்தாழ அதில் இருபதில் ஒரு பங்குதான் தங்கும். மிச்சம் எங்கே போகும்? குமிழாக உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதுதான் அந்தத் துளை.

நம் ஊரில் அலுமினியக் கதை சென்னையில் ஆரம்பிக்கிறது. 1898ல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னை ஓவியப் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்ய ஆரம்பித்தார். 1903ல் அந்தத் தொழில் ஒரு கம்பெனிக்குக் கைமாறியது. தகட்டைத் தட்டிச் செய்யும் வரை இந்தத் தலைவலி பெரிதாக இல்லை. 1965ல் மேட்டூர் மால்கோ உற்பத்தியைத் தொடங்கியது (உருக்காலை 2008ல் நின்றது). பிஸ்டன், எஞ்சின் கவர் என்று வார்ப்பு பெருகப் பெருக, வாயுவை விரட்டுவது ஒரு தனித் தொழிலாகிவிட்டது.

முதலில் குளோரின் வாயுவை உலோகத்துக்குள் விட்டார்கள். பிறகு ஹெக்ஸாகுளோரோஈத்தேன் மாத்திரை வந்தது. துளை போட்ட இரும்புக் கிண்ணத்தில் வைத்து அடிவரை அமுக்கினால், அது சிதைந்து குமிழிகளாக மேலே வரும். குமிழிக்குள் ஹைட்ரஜன் இல்லாததால் உலோகத்தில் இருப்பது அதற்குள் ஓடும். அழுக்கும் குமிழியில் ஒட்டி மேலே வரும், கசடாக வழித்து எடுத்துவிடலாம். வேலை சுத்தம். புகைதான் நரகம்.

என் சித்தப்பா இருபது வருஷம் அந்த வேலை பார்த்தார். முகத்தில் ஈரத்துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. இருமிக்கொண்டே வீட்டுக்கு வருவார், சோறு இறங்காது. "நான் ஊத்துன கவர் ஒண்ணுகூட ஒழுகினதில்லடா" என்பார். அந்தப் பெருமைக்கு நெஞ்சு கொடுத்த விலை எங்களுக்குத்தான் தெரியும்.

மாற்று இல்லாமல் இல்லை. 1970களிலேயே கிராபைட் சுழலியால் ஆர்கான் அல்லது நைட்ரஜனைப் பொடிக் குமிழிகளாக்கிக் கலக்கும் முறை வந்துவிட்டது. குமிழி சின்னதானால் பரப்பு அதிகம், வேகமும் அதிகம். மிச்ச அழுக்கை பீங்கான் நுரை வடிகட்டி பிடிக்கும். இரும்பல்லாத உலோகத் தொழிலில் அந்த மாத்திரையைக் கட்டுப்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 1997ல் ஒரு ஆணை கொண்டுவந்தது.

படகுக்காரரிடம் சொன்னேன்: "அடுத்த தடவை மழை நாளில் ஊத்தச் சொல்லாதீங்க. கட்டி, கரண்டி எல்லாத்தையும் சூடாக்கி ஈரம் போக்கச் சொல்லுங்க. வாயுவை எப்படி எடுக்கிறாங்கன்னும் கேளுங்க."

ராத்திரி சித்தப்பாவுக்கு போன் போட்டு சுழலிக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ இனி யாரும் துண்டு கட்ட வேண்டாமா?" என்றார்.

எல்லா ஊரிலும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.