கங்காணி முதல் வளைகுடா வரை

பெரம்பலூரும் அரியலூரும் பழைய திருச்சி மாவட்டத்தின் பகுதிகள். 19ஆம் நூற்றாண்டில் அம்மாவட்டத்திலிருந்து பலர் கங்காணிகள் மூலம் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றனர். வழிச்செலவே அவர்கள் தலையில் கடனாக ஏறியது. இத்தகைய பயணங்களை 1922ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தியது. வளைகுடா வேலைகள் பெருகியபின் 1983இல் புதிய குடிபெயர்வுச் சட்டம் வந்தது. இதன் விதிகளின்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடாவுக்கு வேலைக்குச் செல்ல, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். 2003இல் தொடங்கிய காப்பீட்டுத் திட்டமும் அவருக்குக் கட்டாயம். பத்தாவது தேறிய கொத்தனாருக்கோ இரண்டுமே கட்டாயமில்லை. ஆனால் அங்கே இருவரும் நிற்பது ஒரே சாரத்தில்தான். சாரம் சரிந்தால் அது மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பதில்லை. படிப்பை வைத்தல்லாமல், செய்யும் வேலையை வைத்துப் பாதுகாப்பு வழங்குவதே நியாயம்.